அங்கனயும் நாந்தான்

மதினி அதைக் கேட்டது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஜூஸ் கடையில். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தான். மதினி முன்னால் இருந்த சாத்துக்குடி ஜூஸை ஸ்ட்ராவால் கிளறிக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"ஏத்தா, காலேஜ்ல படிக்கையில சேலை இல்லாத பொம்பளைய ஒக்கார வெச்சு வரஞ்சோம்னு சொன்னீல்ல?"

"ஆமா மதினி."

"என்னைய வரைவியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானைக்கு மேலாக இடது மார்பைக் கையால் லேசாகத் தொட்டுக் காட்டினாள். "இதத்தான். எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா வரஞ்சு வெச்சிரு."

அன்று காலைதான் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ரிசல்ட் வந்திருந்தது. மதுரையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. தை அமாவாசைக்கு முன்பே குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. மதினி யாரிடமும் சொல்லவில்லை. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் அவள் வைத்திருக்கும் இட்லிக் கடைக்கு அமாவாசைக் கூட்டம்தான் பெரிய வரும்படி. வேன் வேனாக ஆட்கள் ராமேஸ்வரத்துக்குப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கூட்டம் ஓயட்டும் என்று இருந்தவள், மாசி சிவராத்திரியும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பாம்பனில் படகு இன்ஜின் பழுது பார்க்கிற என் அண்ணன், கையில் ஒட்டிய கிரீஸைக்கூடக் கழுவாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான்.

"போட்டோ எடுத்துரலாமா மதினி? அது சுளுவா முடிஞ்சிரும்."

"போட்டோ வேணாம். போனுக்குள்ள போனது எங்கெங்க போகும்னு யாரு கண்டா? நீ வரஞ்சா அது ஒங்கிட்ட இருக்கும். எனக்குப் பாக்கணும்னா வந்து பாத்துக்குருவேன்."

அண்ணன் மருந்துப் பையோடு வந்துவிட்டான். மதினி ஜூஸை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு எழுந்தாள்.

என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது நானும் என் விடுதித் தோழிகளும் பேசாத பேச்சில்லை. பெண் உடம்பை ஆண்கள் எப்படி எப்படியெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார்கள், யார் பார்ப்பதற்காக வரைந்தார்கள், நாம் வரைந்தால் எப்படி இருக்கும் என்று மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகிற வரை சண்டை போடுவோம். பிறகு எனக்கு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்தது. சொந்த ஊர்ப் பக்கமே வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பள்ளிச் சுவர்களில் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்த பெண்களை வரைந்தேன். எல்லோருக்கும் ஒரே இடுப்பு. எனக்காக வரைந்ததெல்லாம் கடலும் உடைமரமும்தான். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் உடம்பை நான் வரைந்ததே இல்லை. வரையக் கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. மதினிக்கு இருந்தது.

மதுரைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்தாள். துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். தலைக்குக் குளித்து, மல்லிகை வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"இம்புட்டு சோடிச்சிட்டு வந்திருக்கீங்க. சேலையே வேணாம்னீங்களே?"

"அதுக்காக கசங்கிப்போயா வாறது?" என்றாள்.

ஜன்னல்களைச் சாத்தினேன். தெருப் பக்கம் மட்டும் மேல் கதவைத் திறந்து வைத்தேன், வெளிச்சம் வேண்டுமே. கதவின் தாழ்ப்பாளை அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றினாள். திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தவள், ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கிறவளைப் போல முதுகை நிமிர்த்திக் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"மூச்ச விடுங்க மதினி."

"விடலாமா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவள் தோள்கள் தாமாகவே இறங்கியிருந்தன. நான் கரித்துண்டை எடுத்தேன்.

கல்லூரியில் எங்களுக்கு உட்காரக் கூலிக்கு வந்த பெண்ணை நான் கோடும் நிழலுமாகத்தான் பார்த்திருக்கிறேன். மதினியை அப்படிப் பார்க்க முடியவில்லை. ரவிக்கை மறைத்த இடம் வெளுத்தும், வெயில் பட்ட கழுத்தும் கைகளும் கறுத்தும், உடம்பே ஒரு ரவிக்கை போட்டிருப்பது போல இருந்தது. முன்கையில் இட்லிச் சட்டியின் ஆவி பட்ட தழும்புகள். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற வயிற்றில், ஈர மணலில் தண்ணீர் வடிந்த கோடுகள் போல வெள்ளை வரிகள். இடது மார்பின் ஓரத்தில் ஒரு சிறு மச்சம். கட்டி இருந்த இடத்தில் தோல் சற்றே உள்வாங்கி இருந்தது. அதை வரையவா என்று கேட்டேன்.

"இருக்கிறத வரை."

சற்று நேரம் போனதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள். கடையில் பேசுகிற சத்தம் இல்லை. தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிப் பேசினாள்.

"எனக்கு இது வெரசா வந்திருச்சு. ஏழாவது படிக்கையிலயே. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பயலுக ஒரு மாதிரி சொல்லுவாங்ஙெ. எங்கம்மா தாவணி போட்டுவிட்டு, குனிஞ்சு நட குனிஞ்சு நடன்னு சொல்லிச் சொல்லியே கூன் போட வெச்சிருச்சு. பொறவு பள்ளிக்கூடமும் வேணாம்னுட்டாக. இந்த ரெண்டு சதையாலதான் எம் படிப்பு நின்னுச்சு. எம்புட்டுத் திட்டியிருப்பேன் தெரியுமா இத."

"இப்ப?"

"இப்ப என்ன. எம் பிள்ளைக ரெண்டும் குடிச்சது. எதுத்த வீட்டு உம்மாவுக்குப் பேறுகாலத்துல சன்னி வந்து படுத்துக் கெடந்தப்ப, அவுக மகனுக்கும் நாந்தான் குடுத்தேன். எம் மகளும் அவனும் ஆளுக்கொரு பக்கம். அவன் இன்னைக்கு துபாய்ல இருக்கான். வெள்ளிக்கிழமை தொழுதுட்டுப் போன் போட்டு, பால்கொடுத்த உம்மா நல்லாருக்கீகளான்னுதான் கேப்பான். அவுக முறைல எம் மக அவனுக்குத் தங்கச்சி." இடது மார்பைத் தொட்டாள். "இந்தப் பக்கம் அவன் குடிச்சது."

அவள் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் தாள் மங்கலாகத் தெரிந்தது.

படம் முடிந்ததும் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"தொங்குதுல்ல?" என்றாள்.

"ம்."

"கோயில் தூணுல நிக்கிறவளுகளுக்கு எம்புட்டுக் காலமானாலும் தொங்க மாட்டேங்குது பாரு. கல்லுல்ல." சிரித்தாள். பிறகு படத்தில் அந்த மச்சம் இருந்த இடத்தை, கரி ஒட்டாதபடி, விரல் படாமல் காட்டினாள். "இதக்கூட வெச்சிருக்க. ஒங்கண்ணனுக்கும் எனக்குந்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஊசி மருந்துதான் அவளைப் படுத்தியெடுத்தது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். கடையை மகள் பார்த்துக்கொண்டாள். நான் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி அக்காள்மடத்துக்குப் போய்விட்டு வருவேன். மதினி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, கடைக்குள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மகளை அதட்டிக்கொண்டிருப்பாள். ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியை உருட்டி வைத்திருந்தாள். அது சில நேரம் மேலே ஏறிவிடும். பேச்சோடு பேச்சாகக் கையை விட்டு இழுத்துச் சரி செய்வாள்.

அந்த மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தான், மதுரைக்கு ஒரு தடவைகூட அவளைத் தனியாக விடவில்லை. ஆனால் அவள் உடை மாற்ற அறைக்குள் போனால் அவன் எழுந்து ரோட்டுக்குப் போய் நின்றுகொள்வான். மதினி மகளோடு உள் அறையில் படுத்தாள். அண்ணன் கூடத்தில் படுத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் உடைந்த பாத்திரத்தைக் கையாள்வது போலக் கையாண்டார்கள்.

முடி மறுபடி முளைத்து, பாசிப்பயறு முளைவிட்ட மாதிரித் தலையெங்கும் சுருள் சுருளாக நின்ற சமயத்தில், மதினி மீண்டும் என் மாடிக்கு வந்தாள். இந்த முறை துணி எடுக்க என்று பொய் சொல்லவில்லை. என்னைப் பார்க்கப் போவதாகவே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னொண்ணு வரையணும்த்தா."

 ஜன்னலைச் சாத்தினேன். ரவிக்கையைக் கழற்றும்போது உருட்டி வைத்திருந்த துணி தரையில் விழுந்து ஓடியது. "ஓடுது பாரு, சனியன்" என்று அவள் சொன்னாள். குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தழும்பை அன்றுதான் பார்த்தேன். அக்குளுக்குள் தொடங்கி நெஞ்சுக்குழி வரைக்கும் சரிவாக வந்திருந்தது. சில இடங்களில் தோல் சுருங்கி மடிந்திருந்தது.

"சாக்கு தச்ச மாதிரி இருக்குல்ல?" என்றாள் மதினி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"அங்கன வலியே தெரியாது. மரத்துப்போய்க் கெடக்கு. கைய ஒசக்கத் தூக்குனாத்தான் இழுக்கும்."

வரைய ஆரம்பித்தேன். முகம், புதுமுடி, தோள், வலது மார்பு, வயிறு எல்லாம் வந்தன. இடது பக்கத்துக்கு வரும்போது கை நின்றுவிட்டது. தழும்புக்கு ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டுச் சுற்றிலும் தாளை வெறுமையாக விட்டேன். வெறுமையே பேசும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மதினி வந்து பார்த்தாள்.

"இங்கன ஏன் ஒண்ணும் போடல?"

"அந்த இடம்... இல்லாமப் போனதக் காட்டுற மாதிரி."

"எங்கத்தா இல்லாமப் போச்சு? மாருதான் போச்சு. இங்கன தோல் இருக்கு, எலும்பு இருக்கு, உள்ள நெஞ்சு அடிக்கிது. அங்கனயும் நாந்தான் இருக்கேன்." திரும்பப் போய் உட்கார்ந்தாள். "போடு."

போட்டேன். விலா எலும்புகளின் மேடுபள்ளத்தையும், இழுபட்ட தோலின் பளபளப்பையும், அக்குள் பக்கம் கூடிப்போய் நின்ற சதை மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அவ்வளவு நேரம் ஒரு சாண் இடத்தை நான் எந்தப் படத்துக்காகவும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அதைப் பற்றிய பயம் போய்விட்டது. அது மதினியின் நெஞ்சு, அவ்வளவுதான்.

ரவிக்கையைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்கு ஒங்கண்ணே வருவாக, ஒன் வீட்டுத் தண்ணி மோட்டாரச் சரி பண்ண. அப்ப இத அவுகளுக்குக் காட்டு."

"நானா?"

"இன்னும் அவுக பாக்கல. நானும் காட்டல. கட்டுப் போட்டிருக்கையில பாத்தாக, அம்புட்டுத்தான். கதவச் சாத்தி ரவிக்கையக் கழத்தி, இந்தா பாருங்கன்னு எப்பிடித்தா நிக்கிறது? அவுக மூஞ்சி போற போக்கப் பாக்க எனக்குத் தெம்பில்ல. மொதல்ல இதப் பாக்கட்டும். பாத்து என்ன மூஞ்சி வருதோ அது இங்கனயே வந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் அண்ணன் வந்தான். தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரி செய்து, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்தான். நான் காப்பியைக் கொடுத்தேன்.

"அண்ணே, மதினி ஒன்னைய ஒண்ணு பாக்கச் சொன்னாக."

"என்னத்த?"

"மதினியோட படம். நான் வரஞ்சது. சட்டையில்லாம இருக்கும். ஆபரேஷன் பண்ணுனது தெரியும். மதினிதான் காட்டச் சொன்னாக."

அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டான். நான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையைத் திருப்பி வைத்தேன். ஒரு தங்கை அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

 நான் திரும்பி வந்தபோது அண்ணன் படத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. தழும்பையும் பார்த்தான், முகத்தையும் பார்த்தான்.

"ரொம்ப இளைச்சிட்டாத்தா," என்றான். "சட்டைக்குள்ள தெரியல."

பிறகு கேட்டான்: "நான் பாத்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் வெலகி வெலகிப் போனேன். அவ என்ன நெனச்சா?"

"ஒனக்குப் பாக்கப் பிடிக்காதுன்னு நெனச்சிருப்பாக."

"கிறுக்கச்சி," என்றான். அந்த ஒரு சொல்லை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். காப்பி அப்படியே இருந்தது. ஸ்பேனர் பையையும் மறந்துவிட்டுப் போனான்.

அன்று அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மதினி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் போனபோது உள் அறையில் மகளின் பாய் இல்லை. சுவரில் பென்சிலால் சிறு சிறு கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஆபரேஷன் ஆன கை இறுகிப்போகாமல் இருக்க, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மதினி சோம்பல் பட்டுக்கொண்டு விட்டுவிட்டாள். இப்போது அண்ணன் தினமும் காலையில் அவளைச் சுவரோரம் நிறுத்தி, விரல் எட்டுகிற இடத்தில் கோடு போடுகிறானாம்.

"இன்ஜினுக்கு ஆயில் அளக்கிற மாதிரி என்னைய அளக்குறாக," என்று மதினி குறைப்பட்டாள். அவள் முகத்தில் குறை எதுவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, என் கல்லூரித் தோழிகள் சிலர் சேர்ந்து மதுரையில் பெண் ஓவியர்களுக்காக ஒரு கண்காட்சி வைத்தார்கள். என்னையும் கேட்டார்கள். மதினியிடம் போய் நின்றேன். இரண்டு படங்களையும் வைக்கலாமா, முகம் தெரியாதபடி வேண்டுமானால் வேறு மாதிரி வரைந்து தருகிறேன் என்றேன்.

மாவாட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"தலை இல்லாம போட்டா அது யாரோ ஒருத்தில்ல? மூஞ்சியோட போடு. ஒங்கண்ணன ஒரு வார்த்தை கேட்டுக்க."

அண்ணன் தயங்கினான். யாராவது போட்டோ எடுத்து ஊருக்குள் அனுப்பிவிட்டால் என்று கவலைப்பட்டான். போன் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதி வைக்கச் சொல்கிறேன் என்றேன். கடைசியில், "அவ ஒடம்பு. அவ சரின்னா எனக்கென்ன," என்றான்.

இரண்டு பேருமே வந்தார்கள். கடைக்கு ஒருநாள் லீவு விட்டுவிட்டு, அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையும் மதினி பட்டுச்சேலையுமாக, கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் போல வந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. கல்லூரிப் பெண்கள், சில ஆசிரியைகள். ஒரு பேராசிரியை மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலி, மீட்சி, அரசியல் என்று நிறையப் பேசினார். எல்லாம் நல்ல மனசோடுதான் பேசினார். மதினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அந்தப் பக்கம் வந்தீகன்னா கடைக்கு வாங்க, இட்லி நல்லாருக்கும்," என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

அண்ணன் மட்டும் இரண்டாவது படத்தின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. யாராவது போனை நீட்டிவிடுவார்களோ என்று காவல் நிற்கிறான் என்று நினைத்தேன். ஒரு மாணவி வந்து படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம், "இவங்க யாருன்னு தெரியுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"எம் பொஞ்சாதி," என்றான் அண்ணன். மோவாயை உயர்த்தி அறையின் அந்தக் கோடியில் நின்ற மதினியைக் காட்டினான். "அந்தா நிக்கிதுல்ல, பச்சைச் சேலை. அவதான்."

அந்தப் பெண் அவனையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் முன் இருக்கையில் தூங்கிவிட்டான். மதினியும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பரமக்குடி தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சுவத்துல அம்புட்டுப் பொம்பளைக இருந்தாக. ஒன்னைய மட்டும் காணோமேத்தா."

"நாந்தான வரையிறவ, மதினி."

"வரையிறவளுக்கு ஒடம்பு இல்லையாக்கும்?"

 பிள்ளை பெறாத, யாருக்கும் காட்டாத, நாற்பதைத் தாண்டிவிட்ட என் உடம்பை நான் ஒருநாளும் ஒரு படமாக நினைத்துப் பார்த்ததில்லை. முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான் வீட்டில் இருந்தது. குளித்து உடுத்துவதற்கு அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். மாடிக்கு ஏற்ற அண்ணன்தான் வந்தான், எதற்கு என்று கேட்கவில்லை. பள்ளி இல்லாத காலைகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கரித்துண்டோடு அதன் முன்னால் நிற்கிறேன். முகத்தில் ஆரம்பிக்கக் கூச்சமாக இருந்ததால் காலிலிருந்து தொடங்கினேன். பாதங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. முழங்கால் எங்கள் அம்மாவின் முழங்கால், அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. இப்போது இடுப்பு வரைக்கும் வந்திருக்கிறேன்.